செவ்வாய்ச் சந்தையும் திருக்கோயிலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே ‘செவ்வாப்பேட்டை ரோடு’ என்னும் நிலையம் உள்ளது. ஊர் நிலையத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருப்பின், ஊர்ப்பெயருடன் ‘ரோடு’ என்பதைச் சேர்ப்பது ரயில்வேயின் பழைய வழக்கம். புட்லூரில் கருவுற்ற தாயாகக் கிடந்த கோலத்தில் அருள்புரியும் பூங்காவனத்தம்மனையும், திருவள்ளூர் வீரராகவப் பெருமாளையும் வழிபடச் சென்னையிலிருந்து ரயிலில் வரும் அன்பர்கள் அனைவரும் இந்நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். அப்பெயர்ப் பலகையில் ஓர் ஊரின் பிறப்பே எழுதப்பட்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

பேட்டை என்பது வணிகம் நடைபெறும் குடியிருப்பு. செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடிய பேட்டை செவ்வாய்ப்பேட்டை. அதுவே மக்கள் நாவில் செவ்வாப்பேட்டை ஆயிற்று. ஊருக்குக் கிழமையின் பெயர் அமைந்ததற்குக் காரணம் உண்டு. மாட்டுவண்டி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவே அக்காலத்துச் சந்தையின் எல்லை. வணிகர் ஓர் ஊரில் திங்களன்று கடை விரித்தால், மறுநாள் அடுத்த ஊருக்கு மூட்டைகளை ஏற்றிச் செல்வர். எந்த ஊரில் எந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நாளே ஊர்ப்பெயராயிற்று. குமரி மாவட்டத்தின் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை, நாமக்கல் பகுதியின் புதன்சந்தை ஆகியவை இவ்வகையினவே. மராட்டிய நாட்டுப் புனே நகரிலும் கிழமைகளின் பெயரால் பேட்டைகள் உள்ளன. அங்குள்ள ‘மங்கள்வார் பேட்’ நம் செவ்வாப்பேட்டையே ஆகும். (நம் மாவட்டத்திலேயே உள்ள ஞாயிறு என்னும் தலத்தை இவ்வரிசையில் சேர்த்தல் ஆகாது. சுந்தரரை மணந்த சங்கிலியார் பிறந்த அத்தலம் சூரியனால் பெயர் பெற்றது.)

சந்தையின் சாட்சி

முன்பின் அறியாத ஒருவரிடம் பொருளைக் கொடுத்துப் பொருளை வாங்குவதே சந்தை. அடுத்த வாரம் அவர் வருவாரா, அளந்த படி சரியான படியா என்பதற்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடை தெய்வ சந்நிதி. காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி அமைந்திருந்ததையும், அதனைக் காவற்பூதம் காத்து நின்றதையும் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. வாங்குவோரும் விற்போரும் மொய்க்கும் இடத்தின் நடுவிலேயே பூதத்திற்குப் பலிபீடிகையும் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் காலத்தில் அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ‘ஆடவல்லான்’. அணிகலன்களை நிறுத்த கல்லின் பெயர் ‘தட்சிணமேரு விடங்கன்’. நெல் அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். தில்லையில் ஆடும் பெருமானின் பெயர் தாங்கிய கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எவர்தாம் எடை குறைப்பர்!

துலாக்கோலை முன்வைத்தே நாயன்மார் ஒருவரின் வரலாறு அமைந்துள்ளது. பழையாறையில் பிறந்த அமர்நீதி நாயனார் பொன்னும் மணியும் பட்டும் விற்ற வணிகர். அடியவர் வேடத்தில் வந்த இறைவன் தம்மிடம் இருந்த மற்றொரு கோவணத்தைத் தராசின் ஒரு தட்டில் இட, நாயனார் தம் செல்வம் முழுவதையும் மறுதட்டில் வைத்தும் அது நேர் நிற்கவில்லை. மனைவியுடனும் மகனுடனும் தாமே தட்டில் ஏறிய பின்னரே துலாக்கோல் சமநிலை எய்தியது. வணிகர் குலத்தில் தோன்றிய மற்றொருவரான காரைக்கால் அம்மையார் இறுதியில் வந்தடைந்த திருவாலங்காடு, செவ்வாப்பேட்டையைக் கடந்து செல்லும் இதே இருப்புப்பாதையில்தான் உள்ளது.

இவ்வட்டாரத்து வணிகம் நேற்றுத் தோன்றியதன்று. பொன்னேரியை அடுத்த காட்டூரில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, பல திசைகளிலும் சென்று வணிகம் செய்த வணிகக் குழுவினர் கூடி அவ்வூரை ‘வீரபட்டணம்’ ஆக்கிய செய்தியைக் கூறுகிறது.

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை

இதே பெயருடைய மற்றொரு பேட்டை சேலம் நகரில் உள்ளது. ஒரு சந்தை எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. வாரம் ஒருநாள் கூடிய சந்தை நாள்தோறும் நடைபெறும் மொத்த வணிகமாயிற்று. அங்குள்ள லீ பஜார் தமிழகம் அறிந்த மண்டி. வெள்ளிக் கொலுசுத் தொழிலும் அப்பேட்டையில் வேரூன்றியது. இருப்புப்பாதை வந்தபோது ‘சேலம் மார்க்கெட்’ என்றே ஒரு நிலையமும் அமைந்தது. கோட்டை மாரியம்மனைத் தலைமையாகக் கொண்டு எட்டுப் பேட்டைகளிலும் மாரியம்மன் திருக்கோயில்கள் விளங்க, ஆடித் திங்களில் நகர் முழுவதும் விழாக்கோலம் பூணும். பேட்டையின் பாரவண்டியும் அன்று தேராகிவிடும்: குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நடைபெறும் வண்டி வேடிக்கையில் தெய்வ வேடம் பூண்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் பவனி வருவர்.

பேட்டைகள் நிலைத்ததற்கு மகமை என்னும் ஏற்பாடும் ஒரு காரணம். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகையை வணிகர்கள் தாமே எடுத்து வைத்துக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் செலவிட்டனர். விருதுநகரில் மகமைப் பணத்தால் 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையில்தான் பின்னாளில் காமராசர் படித்தார். அரசாணை எதுவும் இன்றி வந்த பணம் அது.

வண்டிப்பாதையும் இருப்புப்பாதையும்

1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது திருவள்ளூர் வழியாகவே சென்றது. வண்டி ஒரு நாள் முழுதும் நடந்த தொலைவை ரயில் சில நாழிகையில் கடந்தது. ஒரு நாள் பயணம் என்ற பழைய எல்லை கலைந்தது. காய்கறியும் பாலும் பூவும் நேரே சென்னைக்குச் செல்லலாயின. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் வந்தன. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் தொழிற்பேட்டை எழுந்தது. ‘பேட்டை’ என்ற சொல் சந்தையை விட்டுத் தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்ததை இங்கே காண்க. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. வயல்கள் மனைகளாயின, வீட்டில் உள்ளோர் அதிகாலை ரயிலில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர்.

எடைக்கு இன்று அரசு முத்திரை உண்டு. 1999-இல் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகளில் விவசாயிகளுக்குத் தராசும் அரசே வழங்கியது. ஆகவே அளவைக்குக் குறைவில்லை. குறைந்துவருவது மகமைதான். செவ்வாய்தோறும் கூடிய கூட்டமே அவ்வூர்க் கோயில் விளக்குக்கு எண்ணெயும் குளத்துக்குக் காவலும் தந்தது. பொருள் வாங்கும் இடம் வேறாகி, வேலை செய்யும் இடமும் வேறாகிவிட்டால், குளம் தூரும்போது கேட்க வேண்டியவர் யார் என்பது தெரியாமற்போகிறது. புதிதாகக் குடியேறிய அன்பர்கள் தம் ஊர்க் கோயில் எது, அதன் குளம் எங்கே என்று விசாரிப்பதே இதற்கு முதற்படி. சில ஊர்களில் அவர்களே உழவாரப் பணிக்கும் முன்வருகின்றனர்.

பழைய சந்தையின் உருவத்தை இன்றும் காண விரும்புவோர் அமாவாசையன்று திருவள்ளூருக்குச் செல்லலாம். வீரராகவப் பெருமாள் திருக்கோயிலின் ஹ்ருத்தாபநாசினி தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து நோய் தீர வேண்டிக்கொள்ள மக்கள் திரளாக வருவர். அவர்களை எதிர்நோக்கி, வெல்லமும் பூவும் துளசியும் விற்போர் விடியுமுன்பே சந்நிதித் தெருவில் கடை விரித்திருப்பர்.