திரும்பும் டிக்கெட்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீங்கள் நாலு பேரும் ஹம்ப்டா கணவாய்க்குப் போகும் திட்டத்தைப் படித்தேன். ஜூலை, ஆகஸ்ட் மழையைத் தவிர்த்து செப்டம்பரில் வைத்தது நல்ல யோசனை. ஆனால் டெல்லி பஸ்ஸில் வந்து காலையில் மணாலியில் இறங்கி, அன்றைக்கே ஜோப்ராவுக்கு ஜீப் ஏறி நடக்கத் தொடங்குவதாகப் போட்டிருக்கிறாய். அது மட்டும் வேண்டாம், கண்ணு.

நாம் கடற்கரை ஊர்க்காரர்கள். மணாலியே சுமார் 2,050 மீட்டர். கணவாய் 4,270. மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயு குறையும். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதனால் மணாலியில் இரண்டு இரவு தங்குங்கள். வழியில் சிக்கா முகாமில் ஓர் இரவு. அடுத்த முகாமான பாலு கா கேராவில் முடிந்தால் இரண்டு.

முன்பு நாங்கள் போனபோது அந்தப் பாலு கா கேராவில்தான் என் நண்பர் ஒருவருக்குச் சாயங்காலமே தலைவலி வந்தது. ராத்திரி வாந்தி எடுத்தார். விடிந்ததும் "சரியாப் போச்சு" என்றார். டெல்லியில் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம், ஒரு நாள் பிந்தினாலும் விட்டுவிடுவோம். அதனால் அவர் சொன்னதை நம்பவே விரும்பினோம். ஏற்றத்தில் ஒரு மணி நேரம் போயிருக்கும், அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து உட்கார்ந்தவருக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. கயிற்றின் இரண்டு நுனியையும் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து நின்றபோது கால் தள்ளாடியது. தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினோம். இறங்க இறங்கத் தெளிந்தார். இன்றும் அந்த லேஸ் என் கண்ணில் நிற்கிறது.

தலைவலியோடு குமட்டல் இருந்தால் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயாமாக்ஸ் மாத்திரையை இங்கேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கேஸ் டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள், மணாலியில் வாங்கு. குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்காதே, அதிலிருந்து வரும் நச்சு வாயு மூச்சை நிறுத்திவிடும். மேலே தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அவலும் சேமியாவும் கொண்டு போ. ஓடைகளை விடிகாலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏறிப் பனி உருகினால் மத்தியானம் நீர்மட்டம் கூடிவிடும். சந்திரதால் ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை, முகாம் சற்றுத் தள்ளித்தான்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் லாஹௌல். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வெறும் பாறையும் மண்ணும். அதை நீ பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதனால்தான் கேட்கிறேன்: நடை முடியும் நாளுக்கும் டெல்லியில் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் காலியாக விடு. தேதியை எனக்கு எழுதிவிட்டு அப்புறம் டிக்கெட் எடு.

அன்புடன்,
பெரியப்பா