தரவு செல்லுபடியாக்கல் விதி

மாணவி ஒருவரின் கணிதப் புள்ளி 85. அதனைக் கணினியில் பதிபவர் தவறுதலாக 850 என உள்ளிடுகிறார் எனக் கொள்வோம். மைக்ரோசொப்ட் அக்செஸில் அட்டவணையை அமைக்கும்போதே "புள்ளி" என்னும் புலத்திற்கு 0 முதல் 100 வரை என விதி வழங்கப்பட்டிருப்பின், அப்பெறுமானம் ஏற்கப்படமாட்டாது. வழுச் செய்தி தோன்றும். விதியைப் படிவத்தில் மட்டும் வழங்கினால், அட்டவணையில் நேரடியாக உள்ளிடப்படும் பிழை தடுக்கப்படாது.

கவனிக்க: 85 இற்குப் பதிலாக 58 உள்ளிடப்பட்டால் விதி அதனை ஏற்றுக்கொள்ளும், மாணவி 27 புள்ளிகளை இழப்பார். எனவே செல்லுபடியாக்கலின் பின்னரும் புள்ளிப் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் அவசியமாகும்.

வினா: "பிறந்த திகதி" என்னும் புலத்திற்குப் பொருத்தமான விதி ஒன்றைத் தருக.

விடை: இன்றைய திகதிக்குப் பிந்தியதாக இருத்தலாகாது.