நூறு வயதானாலும் துப்பாக்கி துப்பாக்கிதான்

"நூறு வருஷம் தாண்டிட்டா ஆன்டிக் சார், லைசென்ஸ் தேவையில்லை." பழைய ஆயுதங்களைப் பேணிக் காக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தாத்தாவின் பெட்டியில் ரிவால்வரைக் கண்டெடுத்தவர் சொல்கிறார். அதை விலை பேச வரும் புரோக்கரும் சொல்கிறார். சுத்தப் பொய். நம்பியவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பொய்.

நூறு வருஷக் கணக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வருவது. எது தொல்பொருள், எதை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லும் சட்டம் அது. துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கொடுப்பது அதன் வேலையே இல்லை. அதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. புரோக்கர்கள் அதைப் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வழக்கொழிந்த மாதிரியோ, பழம்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவாயிருந்தாலும் ரிப்பேர் செய்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். மீதிப் பாதி இதுதான்.

பர்மிங்காமில் தயாரான வெப்லி மார்க் 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் ஏற்ற ரிவால்வர். ஹேமருக்குப் பக்கத்திலுள்ள லீவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்பக்கம் மடிந்து இறங்கும். சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாக்கூடுகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். எண்ணெய் காட்டி வைத்தவை இன்றும் அப்படியே இயங்குகின்றன. மெயின் ஸ்பிரிங் உடைந்து கிடக்கிறதா? தொழில் தெரிந்தவர் வேறு ஸ்பிரிங் போட்டுவிடுவார். அப்படியானால் அது சுடக்கூடிய துப்பாக்கிதான். சாதாரணத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே, 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை.

வதந்திக்கு யூடியூபும் ஒரு காரணம். 1898 வரை செய்த துப்பாக்கிகளை ஆன்டிக் என்று ஒதுக்குவது அமெரிக்க மத்திய சட்டம். பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டா அளவுகளுக்கு விலக்கு தரும் தனிப் பட்டியல் உண்டு. குற்றங்களில் அந்த அளவு ரிவால்வர்கள் பயன்படுகின்றன என்று அங்கேயே 2021இல் 7 அளவுகளை நீக்கினார்கள். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு மதுரையில் ரிவால்வர் வாங்குவது என்ன புத்தி?

"சட்டைப்பையில் அடங்குகிற சின்னதுதானே?" கான்பூரில் தயாராகும் நிர்பீக் ரிவால்வர் வெறும் 500 கிராம், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். "தோட்டாவே இல்லையே?" வெறும் துப்பாக்கிக்கே சட்டம் பொருந்தும். "அப்பாவின் லைசென்ஸ் இருக்கிறதே?" அது அவருடைய லைசென்ஸ். அவர் காலமானதும் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். சாதாரண ஆளுக்குப் பரம்பரை ஆயுதத்தையும் சேர்த்து இரண்டுதான்.

இதையெல்லாம்விட என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. பயத்தில் சிலர் வரிசை எண்ணை அரத்தால் ராவிவிடுகிறார்கள். அந்த எண்ணும் படைப்பிரிவு முத்திரையும்தான் துப்பாக்கியின் வரலாறு. அழிப்பது தனிக் குற்றமும்கூட. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்தவர்களுக்கு, பேணி வைத்த ஆயுதம் எவ்வளவு சொல்லும் என்பது தெரியும். ஒப்படைக்கும்போது அருங்காட்சியகத்துக்குத் தர விரும்புவதாக எழுத்தில் கொடுங்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: பறிமுதலான, ஒப்படைத்த பழைய ஆயுதங்களை அழிப்பதற்கு முன் அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவர் கட்டாயம் பார்க்கும்படி உத்தரவு போடுங்கள்.