பாட்டிக்கு வெந்நீர்

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

கேமரன் மலையின் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். நாங்கள் வசிக்கும் தானா ராத்தாவில் காலையில் குழாயைத் திறந்தால் கை விறைத்துவிடும். பல ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பாட்டிக்கு இப்போது ஓயாத முழங்கால் வலி. வெந்நீர் இல்லாமல் அவரால் குளிக்க முடியாது. அம்மா நாள்தோறும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பானையைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்வார். ஒருநாள் கால் வழுக்கி, வெந்நீர் அவரது கையில் கொட்டிவிட்டது.

“இந்தத் தீபாவளிக்கு எனக்குப் புதுச்சட்டை வேண்டாம். ஹீட்டர் வாங்கிவிடலாம்,” என்றார் அப்பா.

அக்டோபர் 12ஆம் நாள் ஈப்போவில் உள்ள ஒரு மின்பொருள் கடையில் 489 ரிங்கிட் கொடுத்து வெந்நீர்க் கருவி ஒன்றை வாங்கினோம். அதற்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு. கடைக்காரர் உத்தரவாத அட்டையில் தேதியிட்டு முத்திரை குத்தினார். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் கருவியைப் பொருத்தினார். அம்மா பற்றுச்சீட்டையும் அட்டையையும் பிஸ்கட் டின்னில் போட்டு, அடுப்பு மேடைக்கு மேலிருந்த பலகையில் வைத்தார். நான் இரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தேன். அந்தப் படம் பின்னாளில் கைகொடுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏறக்குறைய ஐந்து மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. மார்ச் 3ஆம் நாள் காலை பாட்டி கருவியை முடுக்கியதும் வீடே இருண்டது. மின்பெட்டியில் இருந்த மின்கசிவுத் துண்டிப்பு விசை கீழே விழுந்திருந்தது. அதை மேலே தள்ளிவிட்டு மீண்டும் முயன்றோம், மறுபடியும் இருள்.

அன்று வீட்டிற்கு வந்திருந்த மாமா, “இதற்கு ஏன் மச்சான் கவலை? அந்த விசையைத் தொடாமல் கம்பியை நேராக இணைத்துவிட்டால் போதும். வேண்டுமானால் ஹீட்டரையும் கழற்றிப் பார்க்கிறேன்,” என்றார்.

அப்பா உடனே தடுத்தார். “விசை காரணமில்லாமல் விழாது. முதலில் தெரிந்தவரைக் கூப்பிடுவோம்.”

மின்பணியாளர் வந்து சோதித்தார். “நல்ல வேளை, நீங்கள் எதையும் தொடவில்லை. கருவிக்குள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி வேறு வழியில் கசிந்தால் இந்த விசை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விசையைத் தவிர்த்து இணைத்திருந்தால் அந்தக் கசிவு குளிப்பவரின் உடம்பில் பாய்ந்திருக்கும்,” என்றார். பாட்டியின் முகத்தைப் பார்த்த மாமா தலைகுனிந்தார்.

வீட்டின் மின்கம்பிகளில் குறையில்லை, கருவியில்தான் கசிவு இருக்கிறது என்று அவர் ஒரு தாளில் எழிதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். “மூடியைத் திறக்காதீர்கள். முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்,” என்றும் எச்சரித்தார்.

அப்பா கருவியைக் கழற்றச் செய்து ஈப்போவுக்கு எடுத்துச் சென்றார். போக இரண்டு மணி நேரம். வர இரண்டு மணி நேரம். அன்றைய வேலைக்கு விடுப்பு, சம்பளமும் இல்லை. மூன்று வாரங்கள் கழித்துக் கருவியைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். ஆனால், ஏப்ரல் 11ஆம் நாள் மீண்டும் வீடு இருண்டது.

தொலைபேசியில் பேசிய கடைக்காரர், “ஒரு வாரத்திற்குள் என்றால் மாற்றித் தரலாம், ஐயா. இனி நீங்கள் தயாரிப்பு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்,” என்றார். நிறுவனமோ, “கடையிலேயே கொடுங்கள். மீண்டும் பழுதுபார்க்கிறோம்,” என்றது. அப்பா சோர்ந்துபோனார்.

“எனக்கு ஹீட்டர் வேண்டாம், ஐயா. இரண்டு நாளுக்கு ஒருமுறை குளித்தால் போதும்,” என்றார் பாட்டி. அம்மா பேசாமல் பழைய பானையை எடுத்துக் கழுவினார். அவர் கையிலிருந்த தழும்பு என் கண்ணில் பட்டது.

மறுநாள் பள்ளியின் பயனீட்டாளர் கழக ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார்.

“உத்தரவாத அட்டை என்பது நிறுவனம் தரும் வாக்குறுதி. அதைத் தவிர, சட்டம் தரும் உரிமையும் உண்டு. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்துடன் இருக்க வேண்டும்; அது பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும். இந்தப் பொறுப்பு விற்ற கடைக்கும் உண்டு. குறையைச் சரிசெய்யத் தவறினால் மாற்றுப் பொருளையோ பணத்தையோ கேட்கலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடையில் எழுதி மாட்டியிருந்தாலும் அது இந்த உரிமையைப் பறித்துவிட முடியாது.”

“கடைக்காரர் மறுத்தால் என்ன செய்வது, ஐயா?”

“பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால், முதலில் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுது. பலர் அந்தக் கடிதத்தை எழுதாமலேயே தோற்றுப்போகிறார்கள்.”

அன்றிரவே எழுதினேன். மறுநாள் ஆசிரியர் அதில் மூன்று வரிகளைச் சிவப்பு மையால் அடித்தார். “ஏமாற்றுக்காரர்கள்”, “மனசாட்சி இல்லாதவர்கள்” என்றெல்லாம் நான் எழுதியிருந்த வரிகள் அவை.

“கோபத்தை எழுதாதே, தேதியை எழுது,” என்றார் அவர்.

திருத்திய கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கியது. வாங்கிய நாள், விலை, முதலில் பழுதான நாள், ஒப்படைத்த நாள், திரும்பப் பெற்ற நாள், மீண்டும் பழுதான நாள் ஆகியவற்றை வரிசைப்படுத்தினேன். இறுதியில் இப்படி எழுதினேன்: “ஒருமுறை பழுதுபார்த்தும் மின்கசிவு நிற்கவில்லை. இதை 70 வயதைக் கடந்த மூதாட்டி பயன்படுத்துகிறார். எனவே, மீண்டும் பழுதுபார்ப்பதை எங்களால் ஏற்க இயலாது. 14 நாள்களுக்குள் புதிய கருவியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் தீர்ப்பாயத்தை நாட வேண்டியிருக்கும்.” அப்பா கையொப்பமிட்டார்.

ஆவணங்களை இணைக்க டின்னைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பற்றுச்சீட்டு வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது! வெப்பத்தால் அச்சாகும் அவ்வகைத் தாள், அடுப்புச் சூட்டில் எழுத்துகளை இழந்திருந்தது. நல்ல வேளையாக என் கைப்பேசியில் படம் இருந்தது. அதை அச்சிட்டு, உத்தரவாத அட்டை, மின்பணியாளரின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களோடு பதிவு அஞ்சலில் அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. அப்பாவுடன் நானும் போனேன். கடைக்காரர் புதிய கருவியை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கடிதம் நீ எழுதியதா, அம்மா? இப்படி எல்லாம் வரிசையாக இருந்தால் நிறுவனத்திடம் கேட்க எனக்கும் எளிதாக இருக்கிறது. பலர் இங்கே வந்து சத்தம் மட்டும் போடுகிறார்கள். அவர்களுக்காக நான் எதைக் காட்டிப் பேசுவது?” என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி குறைந்தது.

அப்பா கிளம்புவதற்கு முன் ஒன்று கேட்டார். “புதிய கருவிக்கு உத்தரவாதம் எந்த நாளிலிருந்து? அதையும் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.” கடைக்காரர் சிரித்துக்கொண்டே அன்றைய தேதியை எழுதி முத்திரை குத்தினார்.

மறுநாள் மின்பணியாளர் கருவியைப் பொருத்திச் சோதித்தார். பாட்டி குளித்துவிட்டு வந்தார். ஈரத்தலையைத் துவட்டியபடியே, “நான்தான் வேண்டாம் என்றேனே. எதற்கு இத்தனை அலைச்சல்?” என்றார்.

“வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால்தான், பாட்டி,” என்றேன்.

அம்மா டின்னை அடுப்பு மேடையிலிருந்து எடுத்து அலமாரிக்கு மாற்றினார். அதில் இப்போது பற்றுச்சீட்டின் நகலும் இருக்கிறது.

கலந்துரையாடிடுக:

1. மாமா சொன்ன வழியை அப்பா பின்பற்றியிருந்தால் என்னென்ன நேர்ந்திருக்கும்?
2. “கோபத்தை எழுதாதே, தேதியை எழுது” என்று ஆசிரியர் கூறியதன் காரணத்தை விளக்கிடுக.
3. கதையின் இறுதியில் பாட்டிக்கு அளிக்கப்பட்ட பதில் எதை உணர்த்துகிறது?