சிதைவுகளைத் தொடும் முன்

சிறிய ஹெலிகாப்டர் விழுந்து உயிர்கள் போன இடத்துக்கு முதன்முறையாக விசாரிக்கப் போகிறீர்களா? கறுப்புப் பெட்டி கிடைக்கும் என்ற நினைப்போடு போகாதீர்கள். இந்த ரகத்தில் பெரும்பாலும் அது இருக்காது. சிதைந்து கிடப்பதுதான் உங்களுக்குச் சாட்சி. உயிரோடிருப்பவரை மீட்க எதை வேண்டுமானாலும் வெட்டலாம், நகர்த்தலாம். அது முடிந்த பிறகு, படம் எடுக்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடவிடாதீர்கள். எரிந்த கார்பன் இழையின் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் இல்லாதவர்களை உள்ளே அனுமதிக்க வேண்டாம்.

முதலில் ரோட்டாரைப் பாருங்கள். எஞ்சின் விசையோடு சுழன்றபடி மோதியிருந்தால் இறக்கைகள் துண்டாகித் தூரத் தெறித்திருக்கும். மண்ணிலும் மரத்திலும் வெட்டுத் தடம் இருக்கும். சுழற்சி நின்ற பிறகு விழுந்திருந்தால் அவை தெறிக்காமல், மடங்கியோ முறிந்தோ உடலோடு ஒட்டிக் கிடக்கும். ராபின்சன் ஆர்22, ஆர்44 போன்ற இரட்டை இறக்கை ரகங்களில் பறந்து வந்த வழியையும் நடந்து தேட வேண்டும். இறக்கைத் துண்டோ வால் துண்டோ வெகு முன்பே கிடந்தால், ஹெலிகாப்டர் வானிலேயே உடையத் தொடங்கியிருக்கிறது. ரோட்டாரின் நடுப்பகுதி தண்டில் மோதும் 'மாஸ்ட் பம்பிங்' இப்படித்தான் முடியும். நியூசிலாந்தின் போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையம் 2016-இல் ராபின்சன் ஹெலிகாப்டர்களைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த வகை விபத்துகளே காரணம்.

எச்சரிக்கை விளக்குகளின் பல்புகளைப் பத்திரப்படுத்துங்கள். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை மோதலில் நீண்டு வளைந்திருக்கும். அணைந்திருந்தது வெடுக்கென்று ஒடியும். எல்இடி விளக்கில் இந்தத் தடயம் இல்லை. கைபேசி, ஜிபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி எதையும் அங்கேயே இயக்கிப் பார்க்காதீர்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

2013 நவம்பர் 29 இரவு கிளாஸ்கோவில் காவல்துறையின் இசி135 ஹெலிகாப்டர் ஒரு மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் மதுக்கூடத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பதிவுக்கருவி இல்லை. மோதும்போது ரோட்டார் சுழலவில்லை என்பதைச் சிதைவே காட்டியது. முதன்மைத் தொட்டியில் 70 கிலோவுக்கு மேல் எரிபொருள் இருந்தது. 'எரிபொருள் தீர்ந்ததா' என்று மட்டும் கேட்டிருந்தால் 'இல்லை' என்று பதில் வந்திருக்கும், விசாரணையும் திசைமாறியிருக்கும். ஆனால் எஞ்சின்களுக்கு நேரடியாக ஊட்டும் சிறிய தொட்டிகள் வற்றியிருந்தன. முதன்மைத் தொட்டியிலிருந்து அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகளின் சுவிட்சுகள் அணைந்த நிலையில் இருந்தன. எரிபொருள் குறைவதாக எழுந்த எச்சரிக்கைகளும், விமானி அவற்றை ஏற்றுக்கொண்டதும் கருவிகளின் நினைவகத்திலிருந்து தெரியவந்தன.

அந்தச் சுவிட்சுகள் ஏன் அப்படி இருந்தன என்பதை 2015-இல் வந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையால் கண்டறிய முடியவில்லை. அதை ஒளிக்காமல் எழுதினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். 'விமானியின் தவறு' என்று எழுதக் கை போனால் பேனாவை வைத்துவிட்டு, அவர் முன்னால் சுவிட்சுகள் எப்படி அமைந்திருந்தன, என்ன பயிற்சி பெற்றிருந்தார், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார், கடைசிப் பராமரிப்பில் என்ன கழற்றி மாட்டினார்கள் என்று விசாரியுங்கள். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் பின்னிணைப்பும் விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, யார்மீதும் பழி சுமத்துவதல்ல என்றுதான் சொல்கிறது.

முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள் உண்டு. அதற்குள் ஊடகங்கள் கேட்கும் ஊகம் எதையும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். இறந்தவர்களின் வீட்டாரை நேரில் சந்தித்து, உறுதியானது எது, இன்னும் தெரியாதது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அறிக்கை வெளியாகும் முன்பே அதன் முடிவுகள் அவர்கள் காதுக்கு உங்கள் வாயால் போய்ச் சேர வேண்டும். தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் அவர்களை விட்டுவிடாதீர்கள்.