விலையும் தகுதியும்: அளவெடுத்துச் செய்த எஃகு மிதிவண்டிச் சட்டகம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

விலை என்பதும் மதிப்பு என்பதும் ஒன்றுபோல் வழங்கினும் ஒன்றல்ல. விலை, கொடுப்பவன் கையிலிருந்து நீங்குவது; மதிப்பு, கொண்டவன் வாழ்வில் தங்குவது. இவ்வேறுபாட்டை அறியாது பொருள் வாங்குவோர் பின்னர் வருந்துவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். எல்லா இல்லங்களிலும் பழகிய மிதிவண்டியை எடுத்துக்கொண்டு இவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வோம்.

ஓசூரிலும் பெங்களூரிலும் பணிபுரியும் தருமபுரிப் பக்கத்து இளைஞரிடையே இந்நாளில் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தில் நாட்டம் மிகுந்துள்ளது. அவர்களுள் சிலர், உடல் அளவெடுத்துக் கைவினைஞரால் செய்யப்படும் எஃகுச் சட்டகத்தை வாங்க விழைகின்றனர். சட்டகம் என்று நாம் கூறுவது கடைத்தெருவில் பிரேம் எனப்படுவதே. நம் ஊர்க் கடைகளில் சாதாரண மிதிவண்டி முழுமையாகவே பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வெளிநாட்டுக் கைவினைஞர் செய்யும் சட்டகமோ, சக்கரமும் செயினும் சேராமலே, ஒரு இலட்ச ரூபாயை எளிதில் கடந்துவிடுகிறது. இவ்வளவு பொருள் கொடுத்தல் தகுமா என்பதே நம் வினா.

1. சட்டகத்தின் வரலாறு

இன்று நாம் காணும் மிதிவண்டியின் முன்னோடி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் வெளியிட்ட ரோவர் வண்டியாகும். அதனை அடுத்துச் சில ஆண்டுகளிலேயே சாய்சதுர வடிவச் சட்டகம் நிலைபெற்றது. முக்கோணம் வடிவு குலையாது என்னும் கணித உண்மையே அதன் அடிப்படை. நூறாண்டுக்கு மேலாகியும் அவ்வடிவம் பெரிதும் மாறவில்லை.

நம் நாட்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கப்பெற்றுச் சென்னை அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய் செய்யும் ஆலை எழுந்தது. லூதியானாவில் ஹீரோ நிறுவனம் 1956-இல் மிதிவண்டித் தொழிலில் இறங்கியது. அதன்பின் மிதிவண்டி செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த நிலை மாறி, பால்காரரும் கீரை விற்பவரும் ஆசிரியரும் ஏறும் ஊர்தியாயிற்று. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்ததால் விலை இறங்கியது. விலை இறங்கியதால் ஏழை ஏறினான். மொத்த உற்பத்தியின் இந்நன்மையை நாம் மறத்தல் ஆகாது.

2. எஃகின் இயல்பு

விலையுயர்ந்த சட்டகத்தைப் பாராட்டுவோர் முதலில் அதன் எஃகைப் பாராட்டுவர். எஃகு என்பது இரும்புடன் சிறிதளவு கரி சேர்ந்தது. சாதாரண மிதிவண்டிக் குழாய் கரி குறைந்த மென்னெஃகால் ஆனது. உயர்ந்த குழாய்களில் குரோமியம், மாலிப்டினம், மாங்கனீசு முதலியன சிறிதளவு சேர்க்கப்படும். இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் வெளியிட்ட 531 என்னும் மாங்கனீசு-மாலிப்டினக் குழாய் பல்லாண்டு புகழுடன் விளங்கியது.

இங்கு ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விறைப்பு வேறு, வலிமை வேறு. ஒரு கம்பி எளிதில் வளையாது நிற்பது விறைப்பு. வளைத்தபின்னும் பழைய நிலைக்கு மீள்வதும், முறியாது தாங்குவதும் வலிமை. மென்னெஃகாயினும் உயர் எஃகாயினும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. உயர் எஃகில் மிகுவது வலிமை மட்டுமே. ஆதலின் ஒரே பருமனும் ஒரே கனமும் உள்ள இரு குழாய்கள், விலையில் பத்து மடங்கு வேறுபட்டாலும், மிதிப்பவன் காலுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

அவ்வாறாயின் உயர் எஃகால் வரும் பயன் யாது? வலிமை மிகுவதால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம். முனைகளில் 0.8 மில்லிமீட்டரும் நடுவில் 0.5 மில்லிமீட்டரும் தடிப்புள்ள குழாய்கள் இவ்வாறு செய்யப்படுகின்றன. மூட்டும் இடத்தில் தடித்தும் இடையில் மெலிந்தும் அமையும் இம்முறைக்கு ரெனால்ட்ஸ் குடும்பத்தார் 1897-இலேயே காப்புரிமை பெற்றனர். இதனால் எடை குறைகிறது.

எவ்வளவு குறைகிறது, அதனால் விளைவது யாது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். சட்டகத்தில் இரண்டு கிலோ குறைகிறது எனக் கொள்வோம். ஏறுபவன் 60 கிலோ, வண்டி 20 கிலோ, ஆக 80 கிலோ. இரண்டு கிலோ என்பது இதில் நாற்பதில் ஒரு பங்கு. தொப்பூர்க் கணவாயையோ வத்தல்மலையையோ ஒரு மணி நேரம் மிதித்து ஏறுவோன், அதே உழைப்பில் ஒன்றரை நிமிடம் முன்னதாக மேலே சேர்வான். சமவெளியில் அந்த வேறுபாடும் தோன்றாது. பந்தயக்காரனுக்கு ஒன்றரை நிமிடம் பெரிது. பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வோனுக்கு, டயரில் போதிய காற்றும் செயினில் எண்ணெயும் அதனினும் பயன் தரும்.

எஃகுச் சட்டகம் மேடுபள்ளத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றும் கூறுவர். சாய்சதுரச் சட்டகம் மேலிருந்து கீழாக மிகுந்த விறைப்புடையது. குலுக்கலைத் தாங்குவன பெரும்பாலும் டயரும் இருக்கையுமே. கிராமத்துக் கப்பிச் சாலையில் செல்வோர் அகன்ற டயரை நாடுதல் நன்று. ஆயினும் எஃகிற்கு மெய்யான சிறப்பு ஒன்றுண்டு. ஓர் எல்லைக்கு உட்பட்ட பளு எத்தனை முறை வந்தாலும் எஃகு தளர்வதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. பாட்டன் வண்டியைப் பேரன் ஓட்டுவது இதனாலேயே. ஆனால் இச்சிறப்பு விலை குறைந்த எஃகிற்கும் உரியதென்பதை நினைவிற் கொள்க.

3. தகடூர் நாட்டு இரும்பு தரும் பாடம்

எஃகின் தரம் பற்றிய இவ்வினா நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். 1965-இல் தனி மாவட்டமாகும் வரை இது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1864-இல் கிங், ஃபூட் என்னும் நிலவியலாளர் இருவர் சேலம் மாவட்டத்துக் காந்த இரும்புப் படிவுகளை ஐந்து தொகுதிகளாக வகுத்தபோது, கஞ்சமலையுடன் அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையையும் ஒரு தொகுதியாகக் குறித்தனர்.

சேலம் வட்டாரத்தார் எஃகு செய்த முறையை 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் விரித்துரைத்தார். இரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங்குச்சிகளையும் மட்குகையில் இட்டு, பச்சிலையால் மூடி, களிமண்ணால் வாய் பூசி, துருத்தியூதிச் சில மணி நேரம் உலையில் வைப்பர். விறகின் கரி இரும்பில் ஏறி எஃகாகும். உலகம் வியந்த இவ்வெஃகில் கரி ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை இருந்தது. வாளுக்கு அது ஒப்பற்றது.

அவ்வெஃகையே குழாயாக்கி மிதிவண்டி செய்தால் யாதாகும்? கரி மிகுந்த எஃகு கடினமானது; மூட்டுகையில் வெடிக்கும் இயல்பினது. வாளுக்கு உயர்ந்தது வண்டிக்குத் தாழ்ந்ததாகிறது. ஒரு பொருளின் உயர்வு அப்பொருளில் மட்டும் இல்லை. அது செய்ய வேண்டிய பணியோடு பொருந்துவதில் உள்ளது. இவ்வளவுகோலைக் கைக்கொண்டு மேலே செல்வோம்.

4. விலை எதற்குக் கொடுக்கப்படுகிறது?

குழாய்களின் விலை, முழு விலையில் ஒரு பகுதியே. எஞ்சியது கைவினைஞனின் நேரத்திற்கு. அவன் உடலை அளக்கிறான், வரைபடம் வரைகிறான், ஒவ்வொரு குழாயின் முனையையும் மற்றதன் வளைவிற்குப் பொருந்த அரத்தால் அராவுகிறான், தட்டான் பற்றாசு வைத்து ஊதுவதுபோல் பித்தளையோ வெள்ளியோ உருக்கி மூட்டுகிறான், பின்னர் கோணல் பார்த்து நேராக்குகிறான். ஆலையில் நிமிடங்களில் முடிவது இங்குப் பல நாள் உழைப்பாகிறது. அவ்வுழைப்பிற்குரிய கூலியை மிகை என்று இகழ்தல் முறையன்று.

ஆனால் அவ்வுழைப்பின் பயன் யாருக்கு? விடை அளவில் உள்ளது. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 22 இஞ்சு, 24 இஞ்சு என இரு அளவுகளே வழங்கின. இது மிதியச்சின் நடுவிலிருந்து இருக்கைக் குழாயின் மேல்முனை வரையுள்ள நீளம். தொடையிடுக்கிலிருந்து குதிகால் வரை அளந்து, அதனை 0.88-ஆல் பெருக்கினால், மிதியச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும்.

காலளவு 72 சென்டிமீட்டர் உடையவர்க்கு இது 63 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 24 இஞ்சுச் சட்டகம் 61 சென்டிமீட்டர். எஞ்சும் இரண்டு சென்டிமீட்டரில் இருக்கையே அடங்காது. 22 இஞ்சில், அதாவது 56 சென்டிமீட்டரில், ஏழு சென்டிமீட்டர் எஞ்சும். சுருள்வில் வைத்த தடித்த இருக்கைக்கு அதுவும் இறுக்கமே. குட்டையானவர் இடுப்பை இருபுறமும் சாய்த்துச் சாய்த்து மிதிப்பதை நாம் காண்கிறோமன்றோ? முதுகுவலியும் முழங்கால் நோவும் அங்கிருந்தே தொடங்குகின்றன. அவர் சிறிய அளவு கேட்டு வாங்கியிருந்தால் ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவின்றி இத்துன்பம் நீங்கியிருக்கும்.

ஆகவே, கடையில் கிடைக்கும் அளவுகளுள் ஒன்று பொருந்துமாயின், அளவெடுத்துச் செய்வதால் வரும் கூடுதல் நன்மை சிறிது. ஒன்றும் பொருந்தாதாயின் நன்மை பெரிது.

5. பழுது பார்த்தல்

எஃகுச் சட்டகத்தை எந்த ஊரிலும் பற்றவைத்துக்கொள்ளலாம் என்பது பலரும் கூறும் காரணம். இது பாதி உண்மை. தடித்த குழாயுள்ள சாதாரண வண்டி பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ முறிந்தால், அங்குள்ள வெல்டிங் பட்டறையில் சரியாகும். 0.5 மில்லிமீட்டர் சுவருள்ள உயர்ந்த குழாய்மீது அதே பட்டறைச் சுடர் பட்டால் ஓட்டை விழும். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். உதிரிப் பாகங்களும் அவ்வாறே. காட்டர் பின் எந்தக் கடையிலும் உண்டு. அயல்நாட்டு அளவுடைய அச்சுக்குப் பெங்களூர் செல்ல நேரும். விலை ஏறஏறப் பழுது பார்க்கும் இடம் தொலைவில் செல்கிறது என்பதை வாங்குமுன் எண்ணுதல் வேண்டும்.

6. எவர்க்குத் தகும்?

முதலாவது, மிதிவண்டியே தொழிற்கருவியானவர்க்கு. ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் ஆடவர் ஏறுவன, அளவெடுத்துச் செய்த எஃகுச் சட்டகங்களே. அவர்க்கு அது உழவனுக்கு ஏர் போன்றது.

இரண்டாவது, ஒரே பயணத்தில் 200, 300, 600 கிலோமீட்டர் செல்வோர்க்கு. 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது அப்பயணங்களின் விதி. சிறு பொருத்தமின்மையும் அங்குப் பெருநோவாகும். ஆயினும் இவர்களும் ஓராண்டு சாதாரணச் சட்டகத்தில் சென்று, தம் உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்தபின் அளவு கொடுத்தலே அறிவுடைமை.

மூன்றாவது, மிக நெடியோர், மிகக் குறியோர், ஒரு கால் குட்டையானோர், ஒரு கையால் ஓட்ட வேண்டியோர். இவர்கட்கு அது ஆடம்பரமன்று. ஊர்ந்து செல்லும் உரிமை. இவர்கட்கு இலட்ச ரூபாயும் வேண்டியதில்லை. சுமை ஏற்றுவோர்க்கு முன்கவைக்குத் துணைக்கம்பி வைத்தும், கேரியரைத் தடித்த இரும்பால் கட்டியும் தருகின்ற நம் பட்டறைக்காரரே அளவுக்கேற்பச் செய்யும் கைவினைஞர்தாம். தடித்த மென்னெஃகில் அளவு மாற்றித் தருமாறு தேர்ந்த பட்டறையை அணுகலாம்.

முடிவுரை

தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் தொடங்கிய மிதிவண்டித் திட்டம், பேருந்து செல்லாத ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. விலை மதிப்பில் சிறிய அவ்வண்டிகள் செய்த பணி பெரிது. ஆயினும் வகுப்பிலேயே குட்டையான மாணவிக்கு இருக்கை எட்டுகிறதா என்று பார்த்து இறக்கி வைக்கும் கை வேண்டும். அக்கை பெற்றோருடையதாகவோ ஆசிரியருடையதாகவோ இருக்கலாம்.

நம் ஆய்வின் முடிபு இது: உயர்விலைச் சட்டகத்தில் நாம் பெறுவது எஃகன்று, பொருத்தம். பொருத்தம் வேறு வழியில் கிடைக்காதவர்க்கு அவ்விலை தகும். கிடைப்பவர்க்கு அது பெருமைக்குக் கொடுத்த விலையாகும். ஒரு குடும்பத்தில், எந்தச் சட்டகமும் பொருந்துகின்ற இளைஞனுக்கு இலட்சம் செலவாகி, எதுவும் பொருந்தாத தங்கை சாய்ந்து சாய்ந்து மிதித்துச் செல்வாளாயின், அக்குடும்பம் விலையை அறிந்தது, மதிப்பை அறியவில்லை.

சிந்தனைக்கு

1. விறைப்பு, வலிமை ஆகிய இரண்டின் வேறுபாடு யாது? உயர் எஃகில் மிகுவது எது?
2. வாளுக்கு உகந்த எஃகு மிதிவண்டிக்கு உகவாதது ஏன்?
3. உம் இல்லத்தார் ஒவ்வொருவரின் காலளவையும் எடுத்து 0.88-ஆல் பெருக்குக. அவரவர் வண்டியின் இருக்கை உயரத்தோடு ஒப்பிடுக. எவருடைய இருக்கையை இன்றே மாற்ற வேண்டும்?