வீட்டாருக்கு என்ன பதில் சொல்லுவோம்?

வேதபகுதி: மாற்கு 3:20-35, 1 பேதுரு 3:15, 16



2023-ம் வருஷம் புதிதாய் ஞானஸ்நானம் எடுத்திருந்த ஒரு வாலிபத் தம்பி, ஒரு நாள் காலையில் முகம் வாடி வந்து நின்றார். வீட்டில் அவர் ஒருவர்தான் இரட்சிக்கப்பட்டவர். அவருடைய அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏண்டா, உங்க கூட்டத்துலயும் பட்டினி கிடந்து சாகச் சொல்லுவாங்களா?" என்று கேட்டிருக்கிறார். தம்பிக்குக் கோபம். "உங்களுக்கு ஆவிக்குரிய காரியம் ஒண்ணும் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். "அப்பா பரியாசம் பண்றார் பாஸ்டர்" என்றார். "தம்பி, அது பரியாசம் இல்லை, பயம்" என்றேன்.

அந்த அப்பா படித்த செய்தி பொய்யல்ல. அந்த வருஷம் கென்யா தேசத்தின் ஷாகஹோலா காட்டில் 400-க்கும் மேற்பட்ட சடலங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையை நம்பிப் போனவர்கள் அவர்கள். 1978-ல் கயானா தேசத்தில் ஜோன்ஸ்டவுன் என்ற இடத்தில் 900-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அநேகர் விஷம் குடித்து, சிறு பிள்ளைகளும் கூட. அவர்களை நடத்திப் போனவன் ஒரு காலத்தில் சபைப் பிரசங்கி. இதையெல்லாம் கேள்விப்படுகிற தகப்பனுக்கு, மகன் உபவாசம் என்று சொன்னால் வயிறு கலங்காதா?

நம் ஆண்டவருக்கும் இது நடந்தது. அவருடைய இனத்தார் அவர் மதிமயங்கிவிட்டார் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள் (மாற்கு 3:21). சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). ஆனாலும் சிலுவையில் தொங்கும்போது தம் தாயை ஒரு சீஷன் கையில் ஒப்புவித்தார் (யோவான் 19:26, 27). பின்பு மேல்வீட்டு அறையில் ஜெபித்தவர்களுக்குள் அந்தச் சகோதரரும் இருந்தார்கள் (அப். 1:14).

ஆகவே, வீட்டார் கேட்கிற கேள்விகளுக்குச் சாந்தமாயும் உண்மையாயும் பதில் சொல்லுவோம்.

1. "மருந்து சாப்பிடக்கூடாதாமே?"

தெய்வீக சுகத்தை மாத்திரம் நம்பி மருந்தை விட்டவர்கள் நம் பெந்தெகொஸ்தே கூட்டத்தில் உண்டு. அதை மறைக்க வேண்டாம். கர்த்தர் சுகமாக்குகிறவர் என்றே நாமும் விசுவாசிக்கிறோம். ஆனால் எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவன் தீர்க்கதரிசி (2 இராஜா. 20:7). லூக்கா ஒரு வைத்தியன் (கொலோ. 4:14). அடுத்தவருடைய மாத்திரையைப் பிடுங்க எந்த ஊழியனுக்கும் அதிகாரமில்லை.

2. "எவ்வளவு பணம் குடுத்தாங்க?"

கோபப்படாதிருங்கள். பணத்தால் தேவனுடைய வரத்தை வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டதைச் சொல்லுங்கள் (அப். 8:18-20). உங்கள் சம்பளத்தில் என்ன காணிக்கை கொடுக்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டு வாடகைக்கு வைத்ததை எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறவன் சாட்சியைக் கெடுக்கிறான். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்புவதை ஆண்டவரே கண்டித்தார் (மாற்கு 7:9-13).

3. "பெத்தவங்களை வெறுக்கச் சொல்லுதாமே உங்க வேதம்?"

லூக்கா 14:26-ஐ வைத்துக் கேட்பார்கள். மத்தேயு 10:37-ஐயும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். கிறிஸ்துவுக்கு முதலிடம் என்பதே அதன் பொருள். சொந்த வீட்டாரைக் கவனியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதுகிறார் (1 தீமோ. 5:8).

4. "நான் கண்ணை மூடினா கொள்ளி வைப்பியாடா?"

இதுதான் கடினமான கேள்வி. அந்தத் தம்பியின் அம்மா அடுப்படியில் நின்று கேட்டது இதைத்தான். பூசி மெழுகக் கூடாது என்று தம்பிக்குச் சொன்னேன். அவர் போய், "அம்மா, மந்திரம், பூஜை, திதி என்னால செய்ய முடியாது. ஆனா உங்களைத் தோள்ல சுமந்து போற முதல் ஆள் நான்தான். செலவு என்னுது. அதுவரைக்கும் உங்களை உட்கார வச்சு சோறு போடுவேன்" என்றார். அம்மா அழுதார்கள். சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனாலும் மகன் பொய் சொல்லவில்லை என்று அறிந்துகொண்டார்கள்.

பிரியமானவர்களே, நம்மையும் நிதானித்துப் பார்ப்போம். குடும்பத்தோடு பேசாதே என்று தடுக்கிற ஊழியன், சொத்தை எழுதிக் கேட்கிற ஊழியன், கேள்வி கேட்டால் சாபம் விடுகிற ஊழியன் நம் நடுவில் இருந்தால், வீட்டாரின் பயம் நியாயமானதே. அப்படிப்பட்டவனை ஆதரித்துப் பேசாதிருங்கள், விட்டு விலகுங்கள். பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்களே (அப். 17:11).

அந்தத் தம்பி அன்று சாயங்காலமே அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். "நான் உபவாசம் இருக்கிற நாளையும், எப்போ சாப்பிடுவேன்னும் முன்னமே சொல்லிடுறேன்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து பாருங்க" என்றார். அப்பா இன்னும் சபைக்கு வரவில்லை. ஆனால் சில வாரம் கழித்து, தம்முடைய சர்க்கரை மாத்திரைச் சீட்டை மகன் கையில் கொடுத்து, "தீர்ந்து போச்சு, ஜெபம் முடிஞ்சு வரும்போது வாங்கிட்டு வா" என்றாராம். அதைச் சொல்லும்போது தம்பியின் முகம் மலர்ந்தது. நானும் கர்த்தரை ஸ்தோத்தரித்தேன்.

பிசாசின் பிடியிலிருந்து விடுதலையானவனை ஆண்டவர் தம்மோடே வரவிடாமல், அவனுடைய வீட்டாரிடத்திற்கே அனுப்பினார் (மாற்கு 5:19). நம்மையும் அங்கேதான் அனுப்புகிறார். இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒருவரிடம், "என்னைப் பத்தி உங்களுக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டு, பின்பு பதில் சொல்லுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் வீட்டாரையும் சந்திப்பாராக. ஆமென்.